நீச்சல் குளத்தில் இறக்கிவைத்த வீட்டு வெப்பம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வறண்ட கடுங்கோடையும் அதைத் தொடர்ந்து சில வாரங்கள் புழுக்கமும் நிலவும் ஓரிடத்தில் உள்ள தனி வீடு இது. ஒரே தளம், தட்டையான கான்கிரீட் கூரை, மேற்குப் பக்கம் அகலமான கண்ணாடிச் சன்னல்கள். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார் என ஐந்து பேர் வசிக்கிறார்கள். கூடத்துக்கும் அதை ஒட்டிய அறைகளுக்கும் 3 டன் திறனுள்ள மைய ஏசி ஒன்று இருந்தது. படுக்கையறைகளில் தனித்தனியே சிறிய ஏசிகள். கொல்லைப்புறத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் கொண்ட நீச்சல் குளம்; ஏறத்தாழ 45,000 லிட்டர் தண்ணீர்.

கோடையின் உச்சத்தில், மிகவும் தேவைப்படும் பிற்பகல் நேரத்தில், மைய ஏசி தானாக நின்றுவிடும். பழுதுபார்க்க வந்தவர்கள் குளிர்பதன வாயுவை நிரப்பினார்கள், கெப்பாசிட்டரை மாற்றினார்கள், வெளி யூனிட்டைக் கழுவினார்கள். சில நாள் ஓடும். வெயில் ஏறியதும் மறுபடி நிற்கும். அப்படி நின்றுபோன ஒரு பிற்பகலில் வெளிக்காற்று 40 டிகிரி செல்சியஸ் இருக்கையில் குளத்து நீர் 28 டிகிரிதான் இருப்பதை வீட்டுக்காரர் கவனித்தார். இவ்வளவு குளிர்ந்த நீர் பக்கத்திலேயே கிடக்கும்போது வீடு ஏன் வேக வேண்டும், அந்த நீரைக் குழாய் வழியாக வீட்டுக்குள் கொண்டுவர முடியாதா என்ற கேள்வியோடுதான் என்னை அழைத்தார்.

கட்டடங்களுக்குக் குளிரூட்டும் ஏற்பாடுகளை வடிவமைப்பது என் தொழில். இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. பெரும்பாலும் ஆசையோடு தொடங்கி, கணக்குப் போட்டதும் கைவிடப்படும். இந்தக் குடும்பம் கணக்கைப் பொறுமையாகக் கேட்டது, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பார்க்கச் சம்மதித்தது. அதனால்தான் இதை முழுமையாகப் பதிவுசெய்ய முடிகிறது.

அளந்து பார்த்தவை

எதையும் வாங்குவதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தோம். குளத்தின் மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் வெப்பமானிகள் வைத்தோம். திறந்த நிழலில் ஒன்று, ஏசியின் வெளி யூனிட் காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் ஒன்று, கூடத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் கருவி ஒன்று. ஏசிக்குப் போகும் மின்கம்பியில் தனி மீட்டர் பொருத்தினோம். காலையும் மாலையும் குறித்துவைக்கும் பொறுப்பை மூத்த மகள் ஏற்றுக்கொண்டாள். அவளுடைய குறிப்பேடு இல்லாவிட்டால் இந்த ஆய்வின் பாதி ஊகமாகப் போயிருக்கும்.

முதலில் கண்ணில் பட்டது குளம் அல்ல, வெளி யூனிட். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே குறுகலான சந்தில், மேலே தகரக் கூரை போட்டு அது வைக்கப்பட்டிருந்தது. வெயில் படாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்ட கூரை, யூனிட் வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி அதன் வாய்க்குத் திருப்பியது. திறந்த நிழலில் 40 டிகிரி இருந்த நேரத்தில் யூனிட் இழுத்த காற்று 45 டிகிரியைத் தாண்டியிருந்தது. குளிர்பதன வாயுவின் அழுத்தம் எல்லை மீறியதும் பாதுகாப்புச் சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறது. வாயு குறைந்ததால் வந்த கோளாறு அல்ல இது.

குளத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்காரர் கண்ட 28 டிகிரி கோடையின் தொடக்கத்து எண். அப்போது காலையில் 27, மாலையில் 29.5 டிகிரி வரை சென்றது. கோடை முற்றியதும் காலையில் 28.5, மாலையில் 31 என்று உயர்ந்தது. அதாவது, வீட்டுக்குக் குளிர்ச்சி அதிகம் தேவைப்படும் வாரங்களில் குளமும் சூடாகவே இருக்கிறது.

தகரக் கூரையை அகற்றச் சொன்னேன். இழுக்கும் காற்று 41, 42 டிகிரிக்கு இறங்கியது. நின்றுபோவது வெகுவாகக் குறைந்தது. மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புறத்தில் சுருட்டும் திரை போட்டோம். கண்ணாடிக்கு உள்ளே போடும் திரை, வெயில் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. வெளித்திரை நுழையுமுன்பே தடுக்கிறது. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொன்னேன். ஆனால் அந்த ஏசி ஆயுளின் முடிவில் இருந்தது, எப்படியும் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது குளத்தைப் பயன்படுத்தும் வழி உண்டா என்று பார்த்துவிடலாம் என்று அவர்கள் விரும்பினார்கள். அந்தக் காரணம் நியாயமானது. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன்.

முதல் யோசனை: குளத்து நீரை வீட்டுக்குள் ஓடவிடுதல்

வீட்டுக்காரர் மனத்தில் இருந்தது நேரடி வழி. விசிறிக்கு முன்னால் ஒரு நீர்ச்சுருள், அதற்குள் குளத்து நீர், அறைக்குள் குளிர்ந்த காற்று. ஏரி நீரைக் கொண்டு பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கிறார்களே என்றும் கேட்டார். உண்மைதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து பக்கத்து ஏரியின் ஆழத்து நீரால் தன் வளாகத்தைக் குளிர்விக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 2004 முதல் ஒன்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் நீர் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த ஆழத்தில் நீர் ஆண்டு முழுவதும் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள, நாள் முழுக்க வெயில் குடிக்கும் குளத்தில் அந்தக் குளிர் எங்கிருந்து வரும்?

கணக்கு இது. அறை 32 டிகிரி, நீர் 28 டிகிரி என்றால் நடுவே உள்ள வித்தியாசம் 4 டிகிரிதான். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை நல்ல சுருள் ஒன்றின் வழியே செலுத்தி, அந்த வித்தியாசத்தில் அறுபது விழுக்காட்டைப் பிடித்தாலும் கிடைப்பது முக்கால் கிலோவாட் குளிர்ச்சி. அவர்களுடைய மைய ஏசி தருவது 10.5 கிலோவாட். விசிறியும் பம்பும் எடுக்கும் மின்சாரத்தைக் கழித்தால் மிச்சம் இன்னும் சுருங்கும்.

வேறொரு குறையும் உண்டு. அறைக்காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அந்த வீட்டில் 18 டிகிரிக்கு அருகில் இருந்தது. 28 டிகிரி நீர் ஓடும் சுருளில் ஒரு துளிகூடப் படியாது. ஆகவே இந்த ஏற்பாடு காற்றின் ஈரத்தைத் துளியும் குறைக்காது.

கணக்கை நம்பச் சொல்லாமல், இரவல் வாங்கிய சுருள் ஒன்றை வைத்து ஒரு வார இறுதியில் ஓட்டிப் பார்த்தோம். சுருளின் நேர் எதிரே நின்றால் இதமாக இருந்தது. கூடத்தின் வெப்பமானி அசையவில்லை. அந்த யோசனை அத்துடன் முடிந்தது.

வெப்பத்தை எங்கே கொட்டுவது

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு கடினமாகக் கம்ப்ரசர் உழைக்க வேண்டும். வெளிக்காற்று 42 டிகிரி என்றால், அந்தக் காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொடுப்பதற்காகக் குளிர்பதன வாயு 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டியிருக்கிறது. அதையே 31 டிகிரி நீரில் கொட்டினால் 40 டிகிரி போதும், ஏனெனில் காற்றைவிட நீர் வெப்பத்தை மிக எளிதாக வாங்கிக்கொள்ளும். இந்த வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் கம்ப்ரசரின் மின்தேவை ஏறக்குறைய 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது. பதினைந்து டிகிரி என்பது பெரிய தொகை.

அறையைக் குளிர்விக்க முடியாத அதே 28 அல்லது 31 டிகிரி நீர், ஏசியின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள நல்ல இடம். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தார் புரிந்துகொண்ட பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. இது புதிய எண்ணமும் அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஏசிகளின் வெப்பத்தை நீச்சல் குளங்களில் இறக்குவது பற்றி ஆராய்ந்து, குளத்தின் வெப்பப் போக்கைக் கணிக்கும் முறையை 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

குளம் எவ்வளவு தாங்கும்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். பெரும்பாலானோர் குளத்தின் கொள்ளளவைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். 45,000 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 52 கிலோவாட்-மணி வெப்பம் வேண்டும். மின்மீட்டர் மொழியில் 52 யூனிட். முழுத்திறனில் ஓடும் 3 டன் ஏசி, வீட்டிலிருந்து எடுக்கும் வெப்பத்தோடு கம்ப்ரசரின் வெப்பத்தையும் சேர்த்து மணிக்கு 13 யூனிட் கொட்டும். எட்டு மணி நேரம் ஓடினால் 104 யூனிட், அதாவது இரண்டு டிகிரி. ஒரு நாளுக்கு இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அது ஏறியபடியே நின்றால் பத்தே நாளில் குளம் 50 டிகிரியை நெருங்கிவிடும்.

கிணற்றின் பயனை அதன் ஆழம் சொல்வதில்லை, ஊற்று சொல்கிறது. குளத்துக்கும் அப்படியே: ஒரு நாள் எவ்வளவு வெப்பத்தை வாங்கும் என்பதைவிட, விடிவதற்குள் எவ்வளவை விட்டுவிடும் என்பதே அதன் உண்மையான திறன்.

குளம் வெப்பத்தை இழக்கும் வழிகளில் முதன்மையானது ஆவியாதல். திறந்தவெளிக் குளங்களின் வெப்ப இழப்பில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அதன் மூலமே நடக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அடுத்தது, தெளிந்த இரவில் நீர்ப்பரப்பு வானத்தை நோக்கி விடும் வெப்பக் கதிர்வீச்சு. காற்றோடு உரசி இழப்பது கொஞ்சம், மண்ணுக்குள் இறங்குவது மிகவும் கொஞ்சம்.

வரவுப் பக்கத்தில் ஏசியைவிடப் பெரிய ஆள் சூரியன். கோடையில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு ஆறு யூனிட் வெயில் விழுந்து, அதில் எண்பது விழுக்காட்டை நீர் உறிஞ்சினால், 32 சதுர மீட்டர் குளத்துக்கு 150 யூனிட்டுக்கு மேல் சேர்கிறது. ஏசியின் 104 யூனிட்டுக்கு இடம் வேண்டுமென்றால் வெயிலின் பங்கைக் குறைப்பதே மலிவான வழி என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இரண்டையும் சேர்த்து, அந்த வீட்டின் காற்றோட்டத்துக்குப் பொருத்திக் கணக்கிட்டபோது, வேறெதுவும் செய்யாமல் ஏசியை மட்டும் இணைத்தால் குளத்தின் சராசரி வெப்பநிலை மூன்று டிகிரி உயர்ந்து அங்கே நிலைகொள்ளும் என்று வந்தது. மாலையில் 34 டிகிரி. இயந்திரத்துக்கு அது பொருட்டே அல்ல. 34 டிகிரி நீரும் 42 டிகிரி காற்றைவிட மேலானது. குளிப்பவர்களுக்குத்தான் அது பொருட்டு. நீச்சல் போட்டிக் குளங்களை 25 முதல் 28 டிகிரிக்குள் வைக்கிறார்கள். 34 டிகிரி நீரில் பிள்ளைகள் ஓடி விளையாடினால் உடல் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் திணறும். குளோரினும் வேகமாகத் தீரும். ஆகவே எல்லையை இயந்திரத்தை வைத்து வகுக்காமல் மனிதர்களை வைத்து வகுத்தோம்: குளம் 32 டிகிரியைத் தாண்டக் கூடாது.

எடுத்த முடிவுகள்

முதலில் நிழல். குளத்தின் பாதிப் பரப்புக்கு மேல், உயரமாக, கம்பியில் இழுத்து மடக்கும் நிழல்துணி போட்டோம். எண்பது விழுக்காடு வெயிலைத் தடுக்கும் துணி பாதிக் குளத்தை மூடினால் நாளொன்றுக்கு 60 யூனிட் வரவு குறையும். உயரமாக வைத்தது காற்று தடையின்றி நீர்ப்பரப்பைத் தடவிச் செல்ல. மடக்கும்படி வைத்தது இரவில் நீர் வானத்தைப் பார்க்க. நிலையான கூரை போட்டிருந்தால் பகலில் தடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியை இரவில் அதுவே சிறைவைத்திருக்கும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, காற்றுக்குப் பதில் நீரில் வெப்பத்தைக் கொட்டும் 3 டன் ஏசியைத் தேர்ந்தோம். குளத்து நீர் நேராகப் பாயும் கன்டென்சரின், அதாவது வாயு தன் வெப்பத்தைக் கொட்டும் பாகத்தின், குழாய்கள் டைட்டானியத்தால் ஆனவை. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது என்றேன். குளோரின் கலந்த நீர் செம்பை அரிக்கும். நீரின் அமிலத்தன்மை சற்றுக் கூடினாலும் செம்பு கரைந்து குளத்தின் சுவரில் நீலப்பச்சைக் கறையாகப் படியும். சாதாரண எவர்சில்வரிலும் நுண்துளைகள் விழும். குழாய் துளைபட்டால் குளிர்பதன வாயுவும் கம்ப்ரசர் எண்ணெயும் குளத்துக்குள் இறங்கும். பழுது வீட்டோடு நிற்காது, குளிப்பவர்களையும் தொடும்.

பம்ப் விஷயத்தில் நெடுநேரம் பேசினோம். குளத்தின் ஃபில்டர் பம்ப் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே ஏசிக்கும் பயன்படுத்தலாமே என்றார் வீட்டுக்காரர். அது 1.1 கிலோவாட் பம்ப். இந்த மாற்றத்தால் நாம் எதிர்பார்த்த சேமிப்பே ஒன்றரை கிலோவாட்தான். ஏசி ஓடும் நேரமெல்லாம் அந்தப் பம்பும் ஓடினால் சேமிப்பின் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். ஏசிக்குத் தேவை நிமிடத்துக்கு 35 லிட்டர் நீர் மட்டுமே. அதில் கொட்டும் வெப்பம் நீரை 5 டிகிரி உயர்த்தி அனுப்பும். அந்த அளவுக்கு 150 வாட் எடுக்கும் சிறிய பம்ப் ஒன்றைத் தனியே வைத்தோம், தடித்த குழாய் போட்டு உராய்வைக் குறைத்தோம். இத்தகைய முயற்சிகள் பலவும் தோற்பது பம்பில்தான் என்பது என் அனுபவம்.

நீரை ஆழமான முனையின் அடியிலிருந்து எடுத்து, எதிர்முனையில் மேல்மட்டத்தை ஒட்டி விட்டோம். எடுப்பதும் விடுவதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சூடான நீரே சுற்றிச்சுற்றி வரும். மேல்மட்டத்தில் விட்டால் சூடு பரப்பிலேயே தங்கி விரைவாக ஆவியாகிவிடும். உறிஞ்சும் வாயில் முடியோ கையோ சிக்காதபடி இரண்டு வாய்களாகப் பிரித்துச் சல்லடை மூடி போட்டோம். நீரோட்டம் நின்றால் கம்ப்ரசரை உடனே நிறுத்தும் சுவிட்ச், பம்புக்குப் போகும் மின்சுற்றில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, உலோகப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் எர்த் இணைப்பு ஆகியவையும் உண்டு. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் இவை இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

முதல் கோடை

ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து பிற்பகலில் ஏசி நிற்கவில்லை. குளிர்பதன வாயு வெப்பத்தைக் கொட்டும் வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டியே இருந்தது. வெளி யூனிட்டின் இரைச்சல் போய்விட்டதை முதலில் சொன்னவர் தாயார். அவருடைய அறைச் சன்னல் அந்தச் சந்துப் பக்கம் பார்த்தது.

ஆனால் இரண்டு வாரத்துக்குள் குளம் நாங்கள் எண்ணியதைவிட வேகமாகச் சூடேறியது. மாலையில் 33.5 டிகிரி. மூட்டுவலிக்காகக் காலையில் நீரில் நடக்கும் வழக்கமுள்ள தாயாருக்கு அது இதமாக இருந்தது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. "தம்பி, எனக்குச் சுகம்தான். ஆனால் பிள்ளைகள் இறங்கமாட்டேன் என்கிறார்களே" என்று அவரே என்னிடம் சொன்னார்.

குறிப்பேட்டைப் புரட்டியபோது காரணம் கிடைத்தது. காலை வெப்பநிலை இறங்கவே இல்லை. விசாரித்தால், இலை விழாமல் இருக்க இரவில் குளத்தைக் குமிழி வைத்த நீலநிற உறையால் மூடும் பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கிறது. அந்த உறை செய்யப்படுவதே ஆவியாதலைத் தடுத்துச் சூட்டைக் காக்க. சூடு வேண்டிய குளத்துக்கு நல்லது. சூட்டை விரட்ட வேண்டிய குளத்துக்கு நேர் எதிரி. பகலிலும் அதைப் போடக் கூடாது, ஏனென்றால் வெயிலை உள்ளே விட்டு ஆவியை மட்டும் தடுக்கும். உறையைச் சுருட்டிவைத்துவிட்டு, இலைக்குக் காலையில் வலை போட்டு அள்ளினார்கள். ஒரு வாரத்தில் காலை வெப்பநிலை ஒன்றரை டிகிரி இறங்கியது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை.

அடுத்து இரவுத் தூவல். குளத்தின் நீளப் பக்கம் முழுவதும் துளையிட்ட குழாய் ஒன்றைப் போட்டு, ஃபில்டரிலிருந்து திரும்பும் நீரை இரவில் அதன் வழியே தூவவிட்டோம். ஃபில்டர் பம்ப் எப்படியும் ஒரு நாளில் சில மணி நேரம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்றியதால் கூடுதல் மின்சாரம் தேவைப்படவில்லை. வறண்ட இரவில் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஆவியாதலால் நீர் இறங்கக்கூடிய கடைசி எல்லை, 20 டிகிரிக்கும் கீழே இருந்தது. தூவிய நீர் அதை நோக்கி இறங்கும். விடிவதற்குள் இன்னும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி கிடைத்தது. துளைகளைப் பெரிதாகவே வைத்தோம். மூடுபனி போன்ற நுண்துளிகள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு நீரை வீணாக்கும். அதோடு, வெதுவெதுப்பான நீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் நுண்துளி வழியாகத்தான் நுரையீரலுக்குள் போகிறது. குளோரின் அளவு குறையாமல் பார்த்துக்கொண்டதும் இதற்காகவே.

இவற்றுக்குப் பிறகு மாலை வெப்பநிலை 31க்கும் 32க்கும் நடுவே நின்றது.

நீர்மட்டம் இறங்குவது குடும்பத்தைக் கலவரப்படுத்தியது. முன்பு நாளுக்கு ஆறேழு மில்லிமீட்டர் இறங்கிய மட்டம் இப்போது பத்துப் பன்னிரண்டு இறங்கியது. புதுக் குழாயில் கசிவு என்றே நினைத்தார்கள். வாளிச் சோதனை செய்யச் சொன்னேன். வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படிக்கட்டில், குளத்து நீரிலேயே பாதி மூழ்கும்படி வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தூவலை நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தன. கசிவு இல்லை. ஏசி கொட்டும் 104 யூனிட்டை முழுவதும் ஆவியே கொண்டுபோனால் 150 லிட்டர் செலவாகும்; அந்த நீர்தான் வீட்டின் வெப்பத்தைச் சுமந்து மேலே போயிருக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் இந்தச் செலவு ஒன்றே இத்திட்டத்தைக் கைவிடப் போதுமான காரணம் என்று கருதுகிறேன்.

ஆவியாகும்போது நீர் மட்டுமே போகும். உப்பும் சுண்ணாம்பும் தங்கிவிடும். நீரைத் தூவும்போது அதில் கரைந்த கரியமில வாயு வெளியேறி, நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறும். 7.2 முதல் 7.8க்குள் வைக்க அமிலம் அடிக்கடி சேர்க்க வேண்டியதாயிற்று. கோடையின் பிற்பகுதியில் கன்டென்சரின் அழுத்தம் மெல்ல உயர்ந்தது. திறந்து பார்த்தால் சூடான குழாய்களில் சுண்ணாம்புப் படிவு. நீர்த்த அமிலக் கரைசலைச் சுற்றவிட்டு அகற்றினோம். குளத்து நீரில் ஒரு பகுதியை மாற்றினோம். குளத்தின் வேதியியலைக் கவனிக்காத வீட்டில் இந்த ஏற்பாடு ஒரு கோடையைத் தாண்டாது.

புழுக்க வாரங்கள்

கோடைக்குப் பின் ஈரக்காற்று வந்தது. பகல் 33 டிகிரி, இரவு 27. இரவில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல். அப்போதே ஈரக்குமிழ் வெப்பநிலை 25 டிகிரியைத் தொட்டது. தூவலின் பயன் வெகுவாகக் குறைந்தது. மேகமூட்டம் வானத்துக்குப் போகும் கதிர்வீச்சையும் தடுத்தது. குளம் மூன்று நாளில் 34 டிகிரிக்கு ஏறியது. இப்போது நீர் காற்றைவிடச் சூடு. மைய ஏசி ஓடியது, ஆனால் குளத்தால் கிடைத்த ஆதாயம் ஏறத்தாழ மறைந்துவிட்டது, குளமும் நீந்தத் தகாமல் போயிற்று.

அந்த வாரங்களில் எடுத்த முடிவு எளியது. கூடத்தின் ஏசியை மாலையில் சில மணி நேரத்துக்கு மட்டும் ஓட்டினார்கள். மற்ற நேரம் மின்விசிறிகளையும், வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டும் படுக்கையறைச் சிறிய ஏசிகளையும் நம்பினார்கள். பழைய சிறிய ஏசிகளை வைத்துக்கொண்டது இங்கே கைகொடுத்தது.

மின்கணக்கு

ஒரே அளவு வெப்பமான நாட்களை ஒப்பிட்டால், பழைய ஏசி ஓடும்போது 4 கிலோவாட் எடுத்தது; புதியது சிறிய பம்பையும் சேர்த்து 2.6 கிலோவாட்டை ஒட்டி எடுத்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இந்தக் குறைவு முழுவதையும் குளத்தின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. பழைய இயந்திரம் தேய்ந்துபோனது. புதியது எந்த வகையாக இருந்தாலும் ஓரளவு குறைத்திருக்கும். ஓடும் மணிநேரம் குறைந்ததில் வெளித்திரைக்குப் பங்கு உண்டு. குளத்தின் பங்கு ஐயமின்றித் தெரிவது உச்ச வெயில் நேரத்தில்தான்: காற்றில் கொட்டும் எந்த ஏசியும் தளரும் அந்த மணிகளில் இது சீராக ஓடியது.

கோடைக்கு முன்னும் பின்னும் உள்ள மிதமான வாரங்களில், பிற்பகலில் மட்டும் ஓடிய ஏசி குளத்தைச் சற்றே வெதுவெதுப்பாக்கியது. நீந்தும் பருவம் இருபுறமும் நீண்டது. பிள்ளைகளுக்கு இதுவே பெரிய லாபமாகப் பட்டது.

இனி மாற்ற வேண்டியவை

ஈரமான பருவமே இல்லாத இடமாக இருந்தால் இதே வடிவமைப்பை மறுபடி செய்வேன். புழுக்க வாரங்கள் உள்ள இடத்தில், குளத்து நீரைக் கன்டென்சருக்குள் நேராக விடாமல், நடுவே தூய நீர் ஓடும் மூடிய சுற்று ஒன்றை வைப்பேன். அந்தச் சுற்றின் வெப்பத்தை டைட்டானியத் தட்டுகள் கொண்ட வெப்பப் பரிமாற்றி குளத்துக்கு மாற்றும். நடுவே ஒரு படி கூடுவதால் இரண்டு மூன்று டிகிரி ஆதாயம் குறையும், இன்னொரு சிறு பம்பும் வேண்டும். பதிலுக்கு, குளம் 32 டிகிரியைத் தொட்டதும் அதே சுற்றை விசிறி வைத்த ரேடியேட்டருக்குத் திருப்பி வெப்பத்தைக் காற்றில் கொட்டலாம். சுண்ணாம்புப் படிவும் கம்ப்ரசரை எட்டாது. தட்டுகளைக் கழற்றிக் கழுவுவதோடு முடியும்.

நிழல்துணியைப் பாதிக்குப் பதில் முக்கால் பரப்புக்கு விரிப்பேன். குறைந்தது ஒரு கோடை முழுவதற்கும் குளத்தின் காலை, மாலை வெப்பநிலைக் குறிப்பு இல்லாமல் இயந்திரத்தின் அளவை முடிவு செய்யமாட்டேன். பரப்பு சிறியதாகவும் ஆழம் அதிகமாகவும் உள்ள குளம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது நிறைய வாங்கும், மெதுவாகத்தான் விடும்.

இந்தக் குடும்பம் அடுத்த குளிர்காலத்தில், ஏசி ஓய்ந்திருக்கும்போது, தட்டுப் பரிமாற்றியையும் ரேடியேட்டரையும் பொருத்த முடிவு செய்திருக்கிறது. தகரக் கூரை இருந்த சந்தில் ரேடியேட்டரை வைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால், காற்று தாராளமாக வந்துபோகும் வடக்குப் பக்கத்தில் அதற்கு மேடை கட்டிவிட்டார்கள்.